இருமிய பறவை

காலை ஆறு மணிக்குச் சரணாலயத்தின் இரும்புக் கதவைத் திறக்கும்போதே டவர் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்குப் பறவைகளுக்கு நேரம் சரியில்லை.

வாசலில் இரண்டு வேன்கள். ஒன்றிலிருந்து பல் டாக்டர் இறங்கினார். மற்றதிலிருந்து ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர் இறங்கினார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி ஆளுக்கொரு திசையில் வானத்தைப் பார்த்தார்கள். வானத்தில் ஒரு காக்கைகூட இல்லை.

போன வருடம் வரை இருவரும் ஒரே பறவை பார்ப்போர் சங்கம். உறுப்பினர்கள் நாற்பது பேர், தலைவர் நாற்காலி ஒன்று. அப்புறம் என்ன, சங்கம் இரண்டாயிற்று.

அக்காவுக்கு இந்தச் சதுப்பு நிலத்தில் பதினோரு வருடக் காவல் வேலை. நடுவில் நிற்கும் கண்காணிப்பு டவர்தான் அவளுடைய இடம், பட்டம், விலாசம் எல்லாம். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. வருகிறவர்களைப் பற்றி அவளுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை வெளியே சொன்னால் வேலை போய்விடும்.

பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி, பச்சைக் கால்சட்டை. ஆளைப் பார்த்தால் செடி. வாயைத் திறந்தால் சந்தை. ஐந்து கிலோமீட்டர் நடை என்று பேர் கொடுத்துவிட்டு, முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறப்பார்கள். பறவை பறந்து போன பிறகு படம் எடுப்பார்கள். எடுத்த படத்தை ஐந்து பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கையில், அடுத்த பறவை அவர்கள் தலைக்கு மேலேயே போகும்.

"அக்கா, இன்னைக்கு என்ன இருக்கு?" என்றார் பல் டாக்டர். அவர் தோளில் தொங்கிய லென்ஸுக்குக் கைக்குழந்தையின் நீளம். அக்கா மனசுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயர் பீரங்கி.

"தண்ணி இருக்கு, சேறு இருக்கு சார். மத்தது அதுங்க இஷ்டம்."

"கிழக்குக் கரை திறந்திருக்கா?"

"பாதி வரைக்கும். அங்க கயிறு கட்டியிருக்கேன். அதுக்கு மேல மூணு நாளைக்கு யாருக்கும் கிடையாது."

"எங்களுக்குமா?"

"உங்களுக்குத்தான் சார் முக்கியமா."

டாக்டர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். இத்தனை வெள்ளையான பற்களைக் காலை வேளையில் பார்ப்பது கண்ணுக்கு நல்லதல்ல.

கயிற்றைத் தாண்டி முப்பதடி தூரத்தில், கரையோரச் சேற்று மேட்டில் ஒரு ஜோடி நெடுங்கால் உள்ளான் நான்கு முட்டை இட்டிருந்தது. சிவப்புக் காலும் கறுப்பு இறக்கையுமாக, பொய்க்கால் கட்டி நடக்கிற மாதிரி நடக்கும் பறவை. அடைகாக்கத் தொடங்கி இன்றைக்கு இருபத்து மூன்றாம் நாள். இன்னும் இரண்டு, மிஞ்சினால் மூன்று நாள்.

போன வருடமும் அதே மேடு, அதே நான்கு முட்டை. ஒரு கும்பல் வந்து இரண்டு மணி நேரம் குப்புறப் படுத்துக்கொண்டு படம் எடுத்தது. அதுவரை தாய்ப்பறவை கூட்டுக்குத் திரும்ப முடியாமல் மேலேயே கத்திச் சுற்றியது. வெயிலில் முட்டைகள் அப்படியே வெந்துபோயின. கத்திச் சுற்றிய பறவையின் படத்துக்கு எங்கேயோ முதல் பரிசு கிடைத்ததாம். 'தாய்மையின் பாடல்' என்று தலைப்பு வைத்திருந்தார்கள். அன்றைக்கு அக்கா ரேஞ்சர் அலுவலகத்திலிருந்து கயிறு வாங்கி வந்தவள்தான், இந்த வருடம் வரை திருப்பிக் கொடுக்கவில்லை.

டாக்டர் கோஷ்டியின் வேனை ஓட்டி வந்தது அவள் கணவன். மூன்று நாளாக அவனுக்குச் சளி. "கேமரா ஸ்டாண்டைத் தூக்கிட்டு வாங்க டிரைவர். ஆனா இருமக் கூடாது. இருமினா பறவை ஓடிடும்" என்று கட்டளை போட்டே கூட்டிப் போனார் டாக்டர். அவன் கிழக்குக் கரையில் கயிறு வரை போய் ஸ்டாண்டை நட்டான். எல்லோரும் நாணலைப் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் நைசாக நழுவி டவர் ஏறிவிட்டான்.

"டீ இருக்கா?"

"பறவை பார்க்க வந்தியா, டீ குடிக்க வந்தியா?"

"ஒரே இடத்துல ஒரு மணி நேரம் அசையாம நிக்கச் சொல்றாருடி. அதுக்கு நான் டிராஃபிக்லயே நின்னுப்பேன்."

மேனேஜர் கோஷ்டி மேற்குக் கரைக்குப் போயிருந்தது. அவருடன் அவர் மனைவியும் வந்திருந்தாள். கையில் ஒரு பை, முகத்தில் ஞாயிற்றுக்கிழமையைப் பறிகொடுத்தவளின் களை. இரண்டு கரைக்கும் நடுவே ஆளுயர நாணல் காடு. ஒரு கரையில் நிற்பவருக்கு மறுகரை தெரியாது. இரண்டும் தெரிவது டவருக்கு மட்டும்.

அக்கா அவனுக்கு டம்ளரில் டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தனக்கும் ஊற்றினாள். அப்போது அது கேட்டது.

*ஊம்ம்ப்... ஊம்ம்ப்... ஊம்ம்ப்...*

வெறும் பாட்டிலின் வாயில் யாரோ அடிவயிற்றிலிருந்து ஊதுவது போன்ற சத்தம். கிழக்கிலிருந்து வந்தது. அக்காவின் கை நின்றது. கை ரோமம் அத்தனையும் எழுந்து நின்றது.

பெருங்குருகு!

நாணலுக்குள் மூக்கை வானத்துக்கு நீட்டி, தானும் ஒரு நாணல் என்று நிற்கும் பறவை. எதிரே நின்றாலும் கண்ணுக்கு அகப்படாது, குரல் மட்டும்தான். இந்தச் சதுப்பில் அதை யாராவது கேட்டு முப்பத்தொரு வருடம் ஆகிறது. பதினோரு வருடத்தில் அவள் காதில் ஒரு தடவை விழுந்ததில்லை. அதற்காக அவள் ஏங்கியதை யாரிடமும் சொன்னதும் இல்லை. ஏங்குவது பச்சைச் சட்டைக்காரர்களின் வேலை அல்லவா.

மூன்றாவது ஊம்ம்ப் அடங்கியது. ஒரு விநாடி மௌனம். பிறகு அதே இடத்திலிருந்து, தெளிவாக:

*க்ஹெ... க்கும்!*

"நான் இல்ல" என்றான் கணவன் அவசரமாக.

அக்கா அவனைப் பார்த்தாள். டம்ளர் அவன் உதட்டருகே இருந்தது. கிழக்குக் கரையிலிருந்து டாக்டரின் அதட்டல் காற்றில் மிதந்து வந்தது. "யாருய்யா இருமினது? டிரைவர்தானே? சொன்னேன்ல!"

"இங்க இருக்கற என்னை அங்க திட்டறாரு பாரு."

"சும்மா இரு."

மேற்குக் கரையிலிருந்து பதில் வந்தது. *ஊம்ம்ப்... ஊம்ம்ப்... ஊம்ம்ப்...* ஒரு விநாடி மௌனம். *க்ஹெ... க்கும்!* எழுத்து மாறாமல் அதே இருமல். கூடவே மேனேஜரின் பல்லைக் கடித்த குரல். "ஏன் இங்க வந்து இருமற? வீட்டுலயே இருமிட்டு வர மாட்டியா?"

கணவன் டம்ளரைக் கீழே வைத்தான். "ஏண்டி, பறவைக்கும் சளி புடிக்குமா?"

அக்கா பைனாகுலரை எடுத்தாள். கிழக்கே டாக்டர் கையில் போன். அவருக்கு நேர் எதிரே, நாணல் தண்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் தொங்கியது. மேற்கே மேனேஜர் கையில் போன். பக்கத்தில் கல்லின் மேல் இன்னொரு ஸ்பீக்கர்.

வாசல் பலகையில் மூன்றாவது விதி கொட்டை எழுத்தில் இருக்கிறது: பறவைக் குரலைப் போட்டுப் பறவையை அழைக்கக் கூடாது. எதிரி வந்துவிட்டான் என்று நினைத்துக் கூட்டை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும் அப்பாவி ஜீவன்களுக்காக எழுதியது. இங்கே பறவை எதுவும் வரவில்லை. பீரங்கி அழைத்தார், மேனேஜரின் போன் பதில் சொன்னது. மேனேஜர் அழைத்தார், பீரங்கியின் போன் பதில் சொன்னது. இரண்டு பேரும் இணையத்தில் ஒரே பதிவை இறக்கியிருக்கிறார்கள். எந்த நாட்டிலோ எந்தக் குளிரிலோ நின்று அதைப் பதிவு செய்த புண்ணியவான் கடைசியில் இருமியிருக்கிறான். அதைக் கடைசி வரை கேட்கும் பொறுமை இந்த இரண்டு பேருக்கும் இல்லை.

அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த விநாடி சிரிப்பு செத்தது.

டாக்டர் கயிற்றைத் தூக்கிப் பிடித்துக் குனிந்துகொண்டிருந்தார். உள்ளான்கள் இரண்டும் கூட்டிலிருந்து கிளம்பி, *கிக் கிக் கிக்* என்று கதறின. அக்கா விசிலை வாயில் வைத்து, நுரையீரல் காலியாகும் வரை ஊதினாள்.

டாக்டர் கயிற்றைக் கீழே விட்டுவிட்டு நிமிர்ந்து டவரைப் பார்த்தார். கையைப் பெரிதாக ஆட்டினார். "பெருங்குருகு அக்கா! பெருங்குருகு! ரெஜிஸ்டரை எடுத்து வைங்க!"

சேதி சரணாலய அலுவலகத்துக்குப் போனது. ரேஞ்சர் இந்த இடத்துக்கு மாற்றலாகி எட்டு மாதம். எட்டு மாதமாக நாயும் திரும்பிப் பார்க்காத ஊருக்குத் தன்னைத் தள்ளிவிட்டார்கள் என்ற துக்கத்தில் இருந்தவர். செய்தியைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.

"முப்பத்தொரு வருஷம்மா! பேப்பர்காரங்க வருவாங்க. நாளைக்குக் காலையில கிழக்குக் கரையைக் கடைசி வரைக்கும் திறந்து விடு. கயிறை அவுத்துடு. படம் எடுக்கறவங்களுக்குப் பந்தல் போடணும்."

"சார், அங்க உள்ளான் முட்டை இருக்கு. மூணே மூணு நாள்தான்."

"உள்ளான் எல்லாக் குட்டையிலயும் இருக்கும்மா. நாலு முட்டைக்காக நாட்டையே நிறுத்தச் சொல்றியா?"

"சார், அது பறவையே இல்ல. போன். நான் டவர்ல இருந்து ரெண்டு பேரையும் பார்த்தேன்."

ரேஞ்சர் ஜன்னலைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். "நம்ம மேலதிகாரிக்குப் பல்செட் கட்டினதே அந்த டாக்டர்தான். நான் அவர் மேல புகார் எழுதினா, மேலதிகாரி அந்தப் பல்லாலயே என்னைக் கடிப்பாரு. ஆதாரம் இருந்தா பேசு. இல்லைன்னா ரெஜிஸ்டரை எடு."

அக்கா ரெஜிஸ்டரை எடுத்தாள்.

அது பெரிய புத்தகம். கண்டவை, கேட்டவை என்று இரண்டு பகுதி. அபூர்வப் பறவையைக் கண்ணால் காணாமல் காதால் மட்டும் கேட்டால், சம்பந்தமில்லாத இரண்டு கோஷ்டிகள் இரண்டு வேறு இடத்திலிருந்து கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பொய் சொல்லுகிறவனைத் தடுக்க ஏற்பட்ட விதி. இந்த இரண்டு பேரைப் போலச் சம்பந்தமில்லாதவர்கள் உலகத்தில் கிடைக்க மாட்டார்கள். விதிக்கு வேண்டியதெல்லாம் அச்சு அசலாக அமைந்துவிட்டது.

அலுவலக அறையில் பத்துப் பேர் நின்றார்கள். சேற்றுக் காலோடு.

"முதல்ல கேட்டது நான். ஆறு நாற்பது" என்றார் டாக்டர்.

"நான் ஆறு முப்பத்தெட்டு" என்றார் மேனேஜர், ரேஞ்சரைப் பார்த்து. டாக்டரோடு அவர் நேராகப் பேசுவதில்லை. "அவர் வாட்ச் மெதுவா ஓடும்னு சொல்லுங்க. அவர் கிளினிக்ல காத்திருந்தவங்களுக்குத் தெரியும்."

"என் வாட்ச் சரியாத்தான் ஓடுது. சில பேர் நாற்காலியில இருந்து எறங்கின பிறகுதான் நேரமே ஓட மாட்டேங்குது."

"சார், சார்" என்று ரேஞ்சர் இரண்டு பேனாக்களை நீட்டினார். ஒரே நேரத்தில், ஒரே வரியில், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மை காய்ந்தது.

அக்கா அதற்காகத்தான் காத்திருந்தாள்.

"சார், ஒரு சந்தேகம்" என்றாள், குரலில் ஏழு படி பணிவோடு. "தலைமையகத்துல துருவித் துருவிக் கேப்பாங்க. நீங்க யாராவது ரெக்கார்டிங் பண்ணி வச்சிருந்தா, மறு பேச்சே இருக்காது."

டாக்டரின் முகம் மலர்ந்தது. "பண்ணாம இருப்பேனா? மேற்குப் பக்கம் இருந்து வந்த குரல். அட்சரம் அட்சரமா இருக்கு." போனை மேஜை மேல் வைத்துத் தட்டினார்.

*ஊம்ம்ப். ஊம்ம்ப். ஊம்ம்ப்.* அறையே மூச்சடக்கியது. *க்ஹெ... க்கும்!*

"அது டிரைவர்" என்றார் டாக்டர் சட்டென்று. "சளி புடிச்ச ஆளைக் கூட்டிட்டு வந்தது என் தப்பு."

வாசலில் சாய்ந்து நின்ற டிரைவர் ஓரடி உள்ளே வந்தான். "சார், நீங்க குரல் கேட்ட நேரத்துல நான் டவர்ல டீ குடிச்சிட்டிருந்தேன். அது என் இருமல் இல்ல. என் இருமல் இது." மூன்று நாள் சளியைத் திரட்டி ஒன்று இருமிக் காட்டினான். மேஜை மேல் இருந்த காகிதம் பறந்தது. "வித்தியாசம் தெரியுதுங்களா?"

"எங்ககிட்டயும் இருக்கு" என்று மேனேஜர் தன் போனை முன்னால் தள்ளினார். தோற்றுப்போக அவரால் முடியாது. "கிழக்குல இருந்து வந்தது. அவருடையதைவிடச் சுத்தமா இருக்கும்."

*ஊம்ம்ப். ஊம்ம்ப். ஊம்ம்ப்.* மௌனம். *க்ஹெ... க்கும்!*

ரேஞ்சரின் பேனா பாதியில் நின்றது.

"அது என் வீட்டுக்காரி" என்றார் மேனேஜர். "அவளுக்குத் தூசி ஆகாது."

ரேஞ்சர் பேனாவைக் கீழே வைத்தார். எட்டு மாதத்தில் வந்த ஒரே நல்ல செய்தியை அவ்வளவு சுலபத்தில் விட மனசு வருமா? "பரவாயில்ல சார். அந்த இருமலை மட்டும் வெட்டிட்டு அனுப்பிடலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

அக்காவுக்குக் கயிறு கையை விட்டு நழுவுவது போலிருந்தது.

அப்போதுதான் மூலையிலிருந்து மேனேஜரின் மனைவி தன் பையைத் தொப்பென்று பெஞ்சில் போட்டாள்.

"எனக்கா தூசி ஆகாது? முப்பத்திரண்டு வருஷமா உங்க அலமாரியைத் தொடைக்கிறவ நான்! காலையில இருந்து அத்தனை பேர் முன்னாடியும் 'இருமாதே, இருமாதே'ன்னு என் தலையிலயே கட்டறீங்க. நான் எங்க இருமினேன்?"

"நீ சும்மா இரு..."

"ஏன் சும்மா இருக்கணும்? நேத்து சமையலறையில போனைச் சார்ஜ்ல போட்டு, இதையே ஓட விட்டுட்டுக் குளிக்கப் போனீங்களே. மூணு ஊளை, ஒரு இருமல். மூணு ஊளை, ஒரு இருமல். குக்கர் விசிலை எண்ண முடியாம சாதம் குழைஞ்சு போச்சு. நீங்க ஊளையை மட்டும் கேட்டுட்டுப் போயிட்டீங்க. கடைசி வரைக்கும் கேட்டது நான்தான்!"

ரேஞ்சர் மேஜை மேல் கிடந்த இரண்டு போன்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

முதலில் விழித்துக்கொண்டது பீரங்கி. "பார்த்தீங்களா ரேஞ்சர் சார்! போன்ல போட்டிருக்கார்! மூணாவது விதி! இந்த சீசன் முழுக்க இவரை உள்ள விடக் கூடாது!"

"ஆமா சார்" என்றாள் அக்கா மெதுவாக. "நீங்க கேட்டது மேனேஜர் சாரோட போனை. சரி. மேனேஜர் சார் ரெக்கார்ட் பண்ணினாரே, கிழக்குப் பக்கத்துல இருந்து... அது யாரோட போன் சார்?"

டாக்டர் வாயைத் திறந்தார். முப்பத்திரண்டு பற்களும் தெரிந்தன.

ரேஞ்சர் கண்ணை மூடித் திறந்தார். தலைமையகத்தில் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து அந்த இருமலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுச் சிரிக்கும் காட்சி அவர் கண்முன் வந்து போயிருக்க வேண்டும். "அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடும்மா."

"பக்கத்துக்கு நம்பர் இருக்கு சார். கிழிச்சா ஏன் கிழிஞ்சுதுன்னு கேப்பாங்க. திருத்தம் வேணா எழுதலாம்." அக்கா பேனாவை எடுத்துக்கொண்டாள். "நடந்ததை நடந்தபடி எழுதிடட்டுங்களா? 'கேட்டது: இருமல். இடம்: இரண்டு கரையும்.'"

"அக்கா!" என்றார் டாக்டர்.

"அம்மா!" என்றார் மேனேஜர்.

சங்கம் உடைந்த பிறகு இருவரும் சேர்ந்து ஒரே குரலில் பேசியது அதுதான் முதல் தடவை.

"இல்ல, சும்மா 'உறுதியாகவில்லை'ன்னும் எழுதலாம்" என்றாள் அக்கா. ரேஞ்சரைத்தான் பார்த்தாள். "எதை எழுதறதுன்னு எனக்குக் குழப்பமா இருக்கு சார். கிழக்குக் கரையை நாளைக்குத் திறக்கணுமா வேணாமான்னும் குழப்பமா இருக்கு. ரெண்டுல ஒரு குழப்பத்தை நீங்க தீர்த்து வச்சா, இன்னொண்ணு தானா தீர்ந்துடும்."

ரேஞ்சர் மேஜை இழுப்பறையைத் திறந்து உத்தரவுத் தாளை எடுத்தார். கிழக்குக் கரை, மறு உத்தரவு வரும் வரை, முழுவதுமாக மூடல். கையெழுத்து. முத்திரை. அக்கா அதை இரண்டு தடவை படித்து, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு ரெஜிஸ்டரில் ஒரே சொல்லை எழுதினாள்: உறுதியாகவில்லை.

"ஸ்பீக்கரை மறக்காம எடுத்துட்டுப் போங்க சார்" என்றாள் டாக்டரிடம். "நாணல்ல குப்பை போடக் கூடாது. அது அஞ்சாவது விதி."

மூன்றாம் நாள் காலை. டவரின் அடியில் கணவன் வேனோடு வந்து நின்றான். அக்கா கையை உதட்டில் வைத்து மேலே வரச் சொல்லிச் சைகை காட்டி, பைனாகுலரை நீட்டினாள். சேற்று மேட்டில் மூன்று குஞ்சுகள். ஒரு முட்டை பொரியவில்லை. தீக்குச்சிக் காலில் பஞ்சு உருண்டையை நட்டு வைத்த மாதிரி மூன்றும் தள்ளாடித் தள்ளாடித் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.

"இவ்வளவுதானா?" என்றான் கணவன். "இதுக்கா அந்தக் கூத்து?" சொன்னவன் அப்புறம் பத்து நிமிடம் பைனாகுலரைத் திருப்பித் தரவில்லை. நடுவில் தொண்டை கமறியது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, முகம் சிவக்க, இருமலை விழுங்கினான்.

அன்றைக்குக் கண்டவை பகுதியில் அக்கா எழுதினாள்: நெடுங்கால் உள்ளான், குஞ்சு, மூன்று.

அந்தப் பக்கத்தை இதுவரை ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. பச்சைச் சட்டைகள் வந்ததும் வராததுமாக ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்குவார்கள். நேராகக் கேட்டவை பகுதிக்குப் போவார்கள். 'பெருங்குருகு, உறுதியாகவில்லை' என்ற வரியில் விரலை வைத்துப் பெருமூச்சு விடுவார்கள். அந்த இடத்தில் தாள் அழுக்கேறிக் கறுத்துவிட்டது.

"அக்கா, அன்னைக்கு நீங்களும் டவர்ல இருந்தீங்களாமே? அந்தக் குரலைக் கேட்டீங்களா? எப்படி இருந்துது?" என்று போன வாரம்கூட ஒருவர் கண்கலங்கக் கேட்டார். கழுத்தில் புத்தம் புது பைனாகுலர், லென்ஸ் மூடிகூடக் கழற்றவில்லை.

"கேட்டேன் சார்" என்றாள் அக்கா. "நல்ல சளி."